சுண்டைக்காய் கால் பணமா?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.’ வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், தன் மின்வாசிப்பான் பழுதாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டால் நம் பக்கத்தில் கிடைக்கும் பதில் இதுதான். சேலத்தில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். சிங்கப்பூரில் உடன் தங்கியிருக்கும் ராசிபுரத்துக்காரரும் இதைத்தான் சொல்கிறார். ‘அதைப் போய் யாராச்சும் ரிப்பேர் பண்ணுவாங்களா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்க.’

போகிற போக்கில் சொல்லப்படும் பேச்சு என்று இதை விட்டுவிட முடியாது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள், சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்ட முடிவு இது. ஆகவே அவர்கள் வாதத்தைக் குறைக்காமல் எடுத்து வைக்கிறேன். கருவி பசை போட்டு ஒட்டப்பட்டது, திறந்தால் உடையும். உதிரிபாகம் கிடைக்காது. வெளிநாட்டில் கூலி கொடுத்துப் பழுதுபார்த்தால் புதியதன் விலை வந்துவிடும். ஊருக்கு அனுப்பினால் தபால் செலவு, சுங்கத் தொல்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. முடியாவிட்டாலும் அது வாங்கிய நாட்டோடு சரி. புத்தகங்களோ கருவியில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. புதிய மாடல் பழையதைவிட நன்றாகவும் இருக்கும். ஆக, மாற்றுவதே புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி அவர்கள் எழுதும் விடைதான் தவறு. வரிவரியாகவே பார்த்துவிடலாம்.

முதல் தவறு, பார்க்காமலே பழுது என்று முடிவுகட்டுவது. மின்வாசிப்பானின் திரை ஆளை ஏமாற்றக்கூடியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி, 1997இல் தனி நிறுவனமாகவே ஆகிவிட்ட மின்மை (இ-இங்க்) நுட்பம் அது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். பக்கம் புரட்டும்போது மட்டும் மின்சாரம் துகள்களை மேலும் கீழும் தள்ளும். பிறகு மின்சாரமே இல்லாவிட்டாலும் எழுத்து அப்படியே நிற்கும். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் திரை இருண்டுவிடும், நமக்கும் விஷயம் புரிந்துவிடும். இதில் கடைசியாகப் படித்த பக்கமோ ஓய்வுநிலைப் படமோ பளிச்சென்று நிற்கிறது, தொட்டால் அசைவதில்லை. பார்ப்பவர் ‘டிஸ்ப்ளே போச்சு’ என்கிறார். உண்மையில் தீர்ந்தது பேட்டரியின் சார்ஜ் மட்டுமாக இருக்கலாம்.

அடியோடு சார்ஜ் இறங்கிய லித்தியம் பேட்டரி உடனே எழுந்து உட்காராது. சில மணி நேரம் சார்ஜரிலேயே போட்டு வைக்க வேண்டும். கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். சட்டைப்பையிலும் தோள்பையிலும் கிடந்த கருவியின் சார்ஜிங் துளைக்குள் நூல்தூசி இறுகி, கேபிளின் முனை உள்ளே முழுதாகப் போய் உட்காராமல் இருக்கும். கருவியை அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் பஞ்சுபோல் வெளியே வரும். மென்பொருள் திணறி நின்றிருந்தால் பவர் பட்டனை 40 வினாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் பல கருவிகள் திரும்பக் கிளம்பும். இவை எதற்கும் ஒரு பைசா செலவில்லை. தூக்கிப் போடச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்?

இத்தனையும் செய்த பிறகும் எழவில்லை என்றால்தான் பழுது. அப்போதும் ‘பழுது’ என்று மொத்தமாகச் சொல்லிவிடக் கூடாது. எந்தப் பழுது என்று கேட்க வேண்டும். இங்கேதான் எதிர்த்தரப்பின் கணக்கு கவிழ்கிறது. அவர்கள் எல்லாப் பழுதுக்கும் திரை உடைந்ததற்கான விலையைப் போடுகிறார்கள்.

திரை உடைந்ததா? அவர்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. பெரும்பாலான கருவிகளில் மின்மைப் படலத்துக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. பையில் அழுந்தியோ மேலே உட்கார்ந்தோ அது விரிசல் விட்டால் பக்கத்தில் ஒரு மூலை மாறாமல் அப்படியே நிற்கும், கோடுகள் ஓடும். மேலே உள்ள விளக்குப் படலமும் தொடுபடலமும் அதோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருப்பதால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். மாற்றுத் திரை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் கருவியின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த நிலையில் புதியது வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். உடைந்த கருவியையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், இன்னொரு கருவிக்கு அதன் பேட்டரியும் போர்டும் உதவும்.

பேட்டரி பழசானது முற்றிலும் வேறு சங்கதி. எத்தனை நல்ல லித்தியம் பேட்டரியும் சில ஆண்டுகளில் தளரும். அது அதன் இயல்பு. வாரக்கணக்கில் நின்ற சார்ஜ் ஒரே நாளில் தீர ஆரம்பித்தால் கருவிக்கு வயதாகவில்லை, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. 3.7 வோல்ட்டில் ஓடும், தீப்பெட்டியைத் தட்டையாக நசுக்கி நீட்டியதுபோல் இருக்கும் அந்தப் பொருளின் விலை, கருவியின் விலையில் சிறு பங்குதான். சார்ஜிங் துளை ஆடிப்போனதும் இதே வகை. கைப்பேசிக் கடையில் அன்றாடம் நடக்கும் சால்டரிங் வேலை அது. 2021 வரை வந்த பெரும்பாலான கிண்டில் கருவிகளில் இருந்தது, பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த அதே மைக்ரோ யு.எஸ்.பி. துளைதான். ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டும். முதுகுப்பக்கம் புடைத்துக்கொண்டு வந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம்; உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்தவோ மடக்கவோ கூடாது.

‘இதெல்லாம் சொல்லலாம், யார் செய்வது?’ என்பது அடுத்த கேள்வி. நம் ஊர்க்காரர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வருவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

நாமக்கல்லின் பெயர் தென்னிந்தியா முழுக்கத் தெரிவது முட்டையால் மட்டும் அல்ல. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளாலும்தான். சங்ககிரியும் லாரியால் வாழும் ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அங்கே நடுக்காட்டில் கம்ப்ரசர் நின்றுபோனால், ‘வெளிநாடாச்சே, தூக்கிப் போட்டுட்டு வா’ என்று யாரும் முதலாளிக்கு யோசனை சொல்வதில்லை.

ரிக் வண்டி கோடி ரூபாய்ச் சொத்து, அதோடு இதை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். சரி, விலை குறைந்த பொருளுக்கே வருவோம். மின்வாசிப்பானில் பாதி விலைகூட இல்லாத மிக்ஸியை நாம் என்ன செய்கிறோம்? ஜார் ஒழுகினால் புஷ் மாற்றுகிறோம், வாஷர் மாற்றுகிறோம், கப்ளர் தேய்ந்தால் புதுக் கப்ளர் போடுகிறோம், மோட்டார் கருகினால் காயில் கட்டுகிறோம். ஆத்தூரிலும் பரமத்தி வேலூரிலும் அதற்குக் கடை இருக்கிறது. மிக்ஸிக்குச் சுமைகூலிப் பழமொழியை யாரும் எடுத்துவிடுவதில்லை. ஆகவே விலை காரணம் இல்லை. மிக்ஸியின் கப்ளர் கடையில் தொங்குகிறது. மின்வாசிப்பானின் பேட்டரி தொங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் தொங்கவில்லை? தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் விற்பதில்லை. இந்தக் கருவிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் பழுதான கருவியைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கும் வழக்கமே இல்லாதவை. உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் வேறொன்றைக் கொடுப்பார்கள். முடிந்துவிட்டால் புதியது வாங்கச் சொல்வார்கள், மிஞ்சினால் கொஞ்சம் தள்ளுபடி தருவார்கள். உதிரிபாகம் கிடைக்காதபடி செய்துவிட்டு, உதிரிபாகம் கிடைக்காது, ஆகவே புதியது வாங்கு என்பது வியாபாரத் தந்திரம். அதை நாம் பொருளாதார விதி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தந்திரம் நம் நாட்டுக்குப் புதிதல்ல, அதைத் தவறென்று சொன்னதும் புதிதல்ல. கார் கம்பெனிகள் தங்கள் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல், தங்கள் சொந்த சர்வீஸ் நிலையங்களுக்கே ஒதுக்கி வைத்திருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகமும் பழுதுபார்க்கும் தகவலும் தெருவோர மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. காருக்குப் பொருந்தும் நியாயம் கையகலக் கருவிக்குப் பொருந்தாமல் போக என்ன காரணம் என்பதை எதிர்த்தரப்புதான் சொல்ல வேண்டும்.

உதிரிபாகம் கிடைத்தால் நம் கைகளுக்குச் செய்யத் தெரியும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் அக்கா மகன் தமாமில் இருக்கிறான். அவனுடைய மின்வாசிப்பான் காலையில் சார்ஜ் ஏற்றினால் மாலையில் அணைந்தது. ‘விடுங்க மாமா, அடுத்த மாசம் புதுசு வாங்கிக்கிறேன்’ என்றவனிடம், விடுப்பில் வரும்போது கொண்டுவரச் சொன்னேன். சேலத்தில் முதலில் போன கடையில் கையில்கூட வாங்கவில்லை. ‘ஏனுங்கண்ணா, இதுக்கெல்லாம் ஸ்பேர் வராதுங்க’ என்று அங்கேயே முடித்துவிட்டார். இரண்டாவது கடையில் இருந்த இளைஞர், ‘நான் இது பண்ணதில்லைங்க. ஆனா பேட்டரி கொண்டாந்து குடுத்தீங்கன்னா போட்டுப் பாக்கறேன்’ என்றார். இணையத்தில் மாடல் எண் பார்த்து பேட்டரி வரவழைத்தோம்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்புறச் சட்டத்தின் ஓரத்தை ஹீட் கன்னில் தூரமாகப் பிடித்துச் சூடேற்றினார். கத்தி வைக்கவில்லை, கிட்டார் வாசிப்பவர்கள் வைத்திருப்பதுபோன்ற பிளாஸ்டிக் துண்டைச் செருகி, அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினார். திரைக்கண்ணாடி இருக்கும் பக்கம் அந்தத் துண்டு ஆழமாகப் போகாமல் கட்டைவிரலை அணை கொடுத்துக்கொண்டார். சட்டம் கழன்றதும் நட்சத்திரத் தலைத் திருகுகள். எந்தத் துளையில் இருந்தது எது என்று மாறிப்போகாமல் ஒரு தாளில் கருவியின் படத்தைக் கிறுக்கி, அதன்மேல் வைத்தார். பழைய பேட்டரியை எடுத்து மீட்டரில் அளந்தார், புதியதையும் அளந்துவிட்டே பொருத்தினார். ‘இதுவும் ரொம்ப நாள் குடோன்ல கெடந்த சரக்கா இருந்தா பிரயோசனமில்லீங்க, அதான்’ என்றார். இதற்கு முன் அந்தக் கருவியைத் தொட்டதே இல்லாதவர். அவருக்குக் கைத்திறன் குறைவில்லை. குறைந்தது பொருள் மட்டுந்தான், அதையும் நாங்கள் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாக் கடைக்காரரும் இவ்வளவு பொறுமைசாலி என்று சொல்லவில்லை. நீர் புகாத புதிய மாடல்களில் பசை இன்னும் கெட்டி. திறக்கும்போது திரை உடையும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. போலி பேட்டரிகளும் சந்தையில் உண்டு. எதிர்த்தரப்பு இவற்றைக் காட்டிப் பழுதுபார்ப்பதே வேண்டாம் என்கிறது. நான் இவற்றைக் காட்டி, அசல் பேட்டரியைத் தயாரித்தவனே விற்கட்டும், கருவியைத் திருகு போட்டு மூடட்டும் என்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பதே தடை என்ற வாதத்துக்கு வருவோம். கூலி அதிகம் என்பது உண்மை. ஆனால் கூலியே வாங்காத இடங்களும் அங்கே இருக்கின்றன. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினா போஸ்த்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து, பொருளின் சொந்தக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்து கொடுக்கிறார்கள். சிங்கப்பூரில் 2014 முதல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ இதே வேலையைச் செய்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்கள் அந்த வாசலை மிதித்துவிட்டு, முடியாது என்று சொல்லட்டும்.

உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பதும் பாதிப் பேச்சு. நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம் வேறு, சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிறுவனம் என்ன சொன்னாலும் வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்கு விற்பவரே பொறுப்பு. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வாங்கும்போதே குறை இருந்தது என்று காட்ட முடிந்தால் ஓர் ஆண்டுக்குப் பிறகும் கேட்கலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த ‘லெமன்’ சட்டப்படி 6 மாதத்துக்குள் தெரியும் குறைக்கு, முதலில் சரிசெய்வதோ மாற்றிக் கொடுப்பதோ கடைக்காரரின் கடமை. இந்தியாவில் வாங்கியதென்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய வசதியைத் தந்திருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ‘வாரண்டி ஓவர்’ என்று கடையின் கணினி சொன்ன மாத்திரத்தில் பர்ஸை எடுப்பவருக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் உதவாது.

ஊருக்கு அனுப்பும் செலவு என்பது, தபாலில் அனுப்பினால்தான். 2016 ஏப்ரல் முதல் தனி லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் பேட்டரிக்கும் தபால்காரர்கள் ஆயிரம் நிபந்தனை வைப்பார்கள். ஆகவே தபாலை மறந்துவிடுங்கள். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நம் பக்கத்து ஆள் யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் அந்த வழியாகப் போகும்போது, கால் கிலோ எடைகூட இல்லாத கருவி வர முடியாதா? விடுப்பில் வருபவர் தான் பயன்படுத்திய சொந்தக் கருவியைக் கொண்டுவர சுங்கமும் கிடையாது. புது பேட்டரியை இருக்கும் நாட்டிலேயே வாங்கி ஊரில் பொருத்துவதானால், முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. கடையில் கொடுக்கும் முன் கருவியை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். சேலத்தில் பாகம் கிடைக்கவில்லை என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி தெருவும் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

‘புத்தகம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது, கருவி எதுவானால் என்ன?’ இதுதான் அவர்களின் மிக நவீனமான வாதம், மிக அப்பாவித்தனமானதும் இதுவே. 2009 ஜூலையில் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலைத் தானே அழித்தது. பதிப்புரிமைச் சிக்கல் காரணம். பிறகு மன்னிப்பும் கேட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் மறைந்தன. பணம் திரும்ப வந்தது. சீனாவில் கிண்டில் புத்தகக் கடை 2023 ஜூன் 30இல் மூடப்பட்டது, ஓராண்டுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்குக் கெடு விதித்தார்கள். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ‘சர்வரில் பத்திரம்’ என்பவர்களை என்ன சொல்வது? ஏற்கெனவே இறக்கி வைத்த புத்தகங்களோடு வேலை செய்யும் பழைய கருவிக்கு, அந்த ஒரே காரணத்துக்காகவே மதிப்பு கூடுகிறது.

தமிழ் வாசகருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். தமிழ் மின்னூல்களைக் கட்டி எழுப்பியது பெரிய கடைகள் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, பல நாட்டுத் தமிழர்கள் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ நண்பர்கள் ஒவ்வொரு நூலையும் பல வடிவங்களில் தருவதோடு 6 அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். செய்து வைத்தார்கள். பழைய கருவிகளில் தமிழ் எழுத்து சரியாக வராமல் கொம்பும் காலும் இடம் மாறி நின்ற காலத்தில், அதுதான் வழி. கிண்டில் கடையில் தமிழுக்கு முறையான இடம் கிடைத்ததே 2016இன் இறுதியில்தான். இந்த இலவசக் கோப்புகள் எந்த நிறுவனத்தின் கணக்கையும் நம்பி இல்லை. பழைய கருவி ஓடும்வரை அவையும் ஓடும்.

கடைசியாக, புதிய மாடல் இன்னும் நன்றாக இருக்கும் என்ற ஆசை. கைப்பேசியில் அது ஓரளவு உண்மை. மின்வாசிப்பானில் எழுத்தின் கூர்மையைப் பாருங்கள்: 2015இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி. 2024இல் வந்த பேப்பர்வைட்டிலும் 300 புள்ளிதான். 2025 ஏப்ரலில் அது இந்தியச் சந்தைக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். பக்கம் சற்று வேகமாகப் புரளும், திரை கொஞ்சம் பெரிது, வெளிச்சம் மஞ்சளாகவும் மாறும். இவை வசதிகள், வேண்டுமென்பவர் வாங்கட்டும். பேட்டரி தளர்ந்துபோன ஒரே காரணத்துக்காக, அதே கூர்மையுள்ள எழுத்தைப் படிக்க 16,999 ரூபாய் கொடுப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தூக்கிப் போட்டது எங்கே போகிறது என்ற கேள்வியை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகம் எறிந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம். மிச்சத்தின் சுமைகூலியை யார் கொடுக்கிறார்கள்?

காலம் எதிர்த்தரப்பின் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். உத்தரவாதக் காலத்தில் மாற்றுக் கருவி கேட்காமல் பழுதுபார்க்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு அந்த உத்தரவாதம் ஓராண்டு நீளும் என்கிறது, அங்கே 2026 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வரும் இன்னொரு சட்டம். மின்வாசிப்பான் செய்யும் கோபோ நிறுவனம் 2024இல், பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து, தன் மூன்று புதிய மாடல்களுக்கு உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வழிகாட்டியும் தர முன்வந்தது. திறந்தால் உடையும், பாகம் கிடைக்காது என்று சொல்லிவந்த அதே வகைக் கருவிதான். மனம் இருந்தால் முடிகிறது.

இந்தியா பாதி வழியில் நிற்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24இல் இணையதளமும் திறந்தது. பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பொருளுக்கு மதிப்பெண் போடும் திட்டம் பற்றி இன்னொரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. முதலில் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் என்கிறார்கள். இணையதளம் தகவல் தரும், பேட்டரி தராது. பாகத்தை விற்றாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும், அதில் மின்வாசிப்பானின் பெயரும் இருக்க வேண்டும். மாடல் நிறுத்தப்பட்ட பிறகும் இத்தனை ஆண்டுக்குப் பேட்டரி கிடைக்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கருவி நின்றுபோனால் முதலில் சார்ஜரில் போடுங்கள், பிறகு எந்தப் பழுது என்று பாருங்கள், பில்லைத் தேடி எடுங்கள், இருக்கும் நாட்டின் சட்டத்தைக் கேளுங்கள். திரை முழுசாக இருந்தால் விடுப்புக்கு வரும்போது பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டு வாருங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: ‘ஸ்பேர் வராதுங்க’ என்பதைக் கருவியைத் திறந்து பார்த்த பிறகு சொல்லுங்கள். அடுத்த முறை புதியது வாங்கப் போகிறவர்கள், எத்தனை ஜி.பி. என்று கேட்பதற்கு முன்னால் ‘இதுக்கு பேட்டரி தனியா விப்பீங்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் கம்பெனியின் கருவியை வாங்காதீர்கள்.